இரண்டு நாள் குறைவு

முழங்கைக்கு உள்பக்கம், எலும்போடு தசை ஒட்டும் இடத்தில், வலி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. காலையில் பல் துலக்கக் கையைத் தூக்கினேன். வாய் வரை வரவில்லை. இடக்கையால் துலக்கினேன். சட்டைப் பொத்தானையும் இடக்கையால் போட்டேன். அதற்கு மட்டும் பத்து நிமிஷம் ஆனது. அப்புறம் ஓட்டல் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீக்கம்கூட இல்லை. என் பிழைப்பே அந்தக் கைதான்.

அர்க்கன்சாவிலிருந்து மார்லா கூப்பிட்டாள். என் மனைவி காலையில் கூப்பிட்டால் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. நேரே எண்தான்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

பேஸ்பால் ஆட்டத்தில் மேல்மட்ட அணியின் பட்டியலில் நாற்பத்து மூன்று நாள் பேர் இருந்துவிட்டால் வயசான காலத்தில் ஓய்வூதியம் உண்டு. நாற்பத்திரண்டு நாள் இருந்தவனுக்குக் கிடையாது. களத்தில் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தாறு வயதில் பதினொரு நாள் மேலே இருந்தேன். இருபத்தொன்பதில் ஒன்பது நாள். இப்போது முப்பத்து நாலு. ஜூலை இருபத்திரண்டாம் தேதி மறுபடி கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தெட்டாவது நாள். இன்னும் ஐந்து வேண்டும்.

ஓய்வூதியம் என்ற சொல்லை என் அப்பா வாயால் கேட்டதில்லை. கோழி ஆலையில் உயிர்க் கோழிகளைக் காலைப் பிடித்துக் கொக்கியில் மாட்டுகிற வேலை அவருக்கு. நிமிஷத்துக்கு இருபது கோழி, இருபத்தாறு வருஷம். ஐம்பது வயதில் அவர் விரல்கள் விரியாமல் போயின. கரண்டியை முஷ்டியால் பிடித்துத்தான் சாப்பிடுவார். வேலையை விட்டு நின்ற அன்று ஆலையில் ஒரு தொப்பி கொடுத்தார்கள். நானும் அதே ஆலையில் இரண்டு கோடை வேலை பார்த்தேன். அங்கிருந்து தப்பிக்கப் பந்தை எறிந்தேன். பதினைந்து வருஷமாக எறிகிறேன். பதினோரு ஊர், எண்ண முடியாத பேருந்துகள்.

என் வேலை மாற்று வீச்சு. ஆட்டத்தைத் தொடங்குகிறவன் களைத்த பிறகு இறங்குகிறவர்களில் ஒருவன். புல்பென் என்று சொல்வோம், வேலிக்குப் பின்னால் ஒரு பெஞ்சும் இரண்டு மண்மேடும் ஒரு தொலைபேசியும் இருக்கிற இடம். தினம் அங்கே உட்கார்ந்திருப்போம். தொலைபேசி அடிக்கும். பேரைச் சொல்வார்கள். எழுந்து முப்பது பந்து எறிந்து கையைச் சூடாக்க வேண்டும். பாதி நாள் ஆட்டம் வேறு பக்கம் திரும்பிவிடும், உட்காரச் சொல்லிவிடுவார்கள். அந்த முப்பது பந்து எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. அந்த வாரம் நாலு நாள் வரிசையாக அப்படி எழுப்பி உட்கார வைத்தார்கள். புத்தகத்தில் பார்த்தால் நான் ஆறு நாளாக ஓய்வில் இருக்கிறேன். கைக்குத்தான் தெரியும்.

மேல்மட்டத்தில் நாள் குறைவாக இருக்கிறவன் தின்பண்டப் பையைச் சுமக்க வேண்டும் என்பது புல்பென் வழக்கம். சின்னப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பை, அதில் குதிரை படம். உள்ளே மிட்டாய், சூரியகாந்தி விதை, சூயிங் கம். இருபத்திரண்டு வயதுப் பயல்கள் சுமக்க வேண்டியது. அவர்களுக்கெல்லாம் என்னைவிட நாள் அதிகம். அதனால் நரைத்த தாடியோடு நான் தினமும் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே நடப்பேன். தாத்தா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சா என்று கூட்டத்திலிருந்து கேட்பார்கள். எனக்கு வெட்கமில்லை. சுமக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள்.

புல்பென் பொறுப்பாளர் ஹால்வர்சன் தினம் பதினோரு மணிக்கு ஒவ்வொருவராகக் கேட்பார், கை எப்படி இருக்கு என்று. நல்லா இருக்கு என்போம். பதினைந்து வருஷத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் ஒரே தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பையன் கொஞ்சம் இறுக்கமா இருக்கு என்றான். அடுத்த வாரம் அவன் இடத்தில் வேறு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

விதி வேறு மாதிரி சொல்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும்போது காயம்பட்டால் கீழ்மட்ட அணிக்கு அனுப்பக் கூடாது. காயப் பட்டியலில் போட வேண்டும், நாளும் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று காலையிலேயே வாயைத் திறந்திருந்தால் எனக்கு நாற்பத்து மூன்றல்ல, தொண்ணூறு நாள்கூட ஆகியிருக்கும். ஆனால் முழங்கை போன முப்பத்து நாலு வயதுக்காரனை அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஐந்து நாள்தானே, ஒளித்துவிடலாம், குளிர்காலத்தில் ஆறிவிடும், அடுத்த வருஷமும் எறியலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் ஆசைப்பட்டேன்.

அன்று மதிய ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸுக்கு முன்னால் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். தொலைபேசி அடித்தது. ஹால்வர்சன் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, லோவெல், அடுத்த இன்னிங்ஸ் உன்னுது என்றார்.

எழுந்தேன். முதல் பந்து தரையில் குத்தி எகிறியது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை எறியும்போது விரல்நுனி வரை நெருப்பு ஓடியது. பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

பெஞ்சில் எவாரிஸ்டோ பெகேரோ உட்கார்ந்திருந்தான். டொமினிக்கன் நாட்டுக்காரன், பனி என்கிற, வெங்காயம் விளைகிற ஊர். கீழ்மட்டத்தில் மூன்று வருஷம் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை நாங்கள். அவன் ஆங்கிலத்தில் பாதியை என்னிடம்தான் கற்றான், என் ஸ்பானிஷ் முழுக்க அவனிடமிருந்து வந்தது. வெள்ளியும் சனியும் எறிந்திருந்ததால் அன்று அவனுக்கு விடுப்பு. விடுப்பு என்பதற்கு அடையாளமாகச் சாதாரணச் செருப்புதான் போட்டிருந்தான். எழுந்து வந்து பந்தை எடுத்துக்கொடுக்கிற மாதிரி என் பக்கத்தில் நின்றான்.

"கிழவா, பந்து ஏன் மண்ணத் தின்னுது?"

"காத்து."

"கொடி அசையல, உனக்கு மட்டும் காத்தா?" என் முழங்கையை இரண்டு விரலால் தொட்டான். நான் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டான். "எத்தன நாளா?"

"விடுடா. இன்னும் அஞ்சு நாள்."

"தெரியும். நீ அந்தக் குதிரப் பையோட வர்றப்பல்லாம் நாங்களும் எண்ணிட்டுதான் இருக்கோம்."

பெஞ்சுக்குப் போனான். செருப்பைக் கழற்றினான். ஆணிக் காலணியை எடுத்து மாட்டி நாடாவைக் கட்டத் தொடங்கினான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாடா கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோச், இவனுக்கு வயித்தக் கலக்குது" என்றான் எவாரிஸ்டோ. "ஓட்டல் முட்டைய நம்பித் தின்னுருக்கான். நான் போறேன்."

"நீ ரெண்டு நாள் போட்டவன்."

"நாளைக்கு லீவுதான? ஒரு இன்னிங்ஸ். மூணு பேரு. போய்ட்டு வந்துர்றேன்."

ஹால்வர்சன் முட்டாள் இல்லை. இருபது வருஷம் எறிந்தவர். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அப்புறம் தொலைபேசியைப் பார்த்தார். ஆட்டம் காத்துக்கொண்டிருந்தது.

"கக்கூசுக்குப் போ" என்றார் என்னிடம். "கூப்பிடுற வரைக்கும் வெளிய வராத."

புல்பென்னுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு சின்னக் கழிப்பறை, தகரக் கதவு. உள்ளே போய்த் தாழ் போட்டு மூடியின்மேல் உட்கார்ந்தேன். பார்க்க ஜன்னல் இல்லை. காதுதான். எங்கள் அணியின் ஊர்க் கூட்டம், அதனால் சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும். அவன் பேரைச் சொன்னதும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் சாதாரணமாக இரைச்சல். அப்புறம் முணுமுணுப்பு. ஒருத்தனை இலவசமாக முதல் முனைக்கு நடக்கவிட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஒரு சின்ன ஆரவாரம், ஒருத்தன் அவுட். ஒன்று, இன்னும் இரண்டு, என்று விரலை மடக்கினேன். மறுபடி முணுமுணுப்பு, இன்னொருத்தனும் நடந்துவிட்டான். மட்டையில் பந்து பட்ட சத்தம், சொத்தென்று. கூட்டம் ஓ என்று எழுந்து பாதியில் நின்றது. இப்போது மூன்று முனையிலும் ஆள் நிற்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தொலைபேசி அடித்தது. யாரோ அவசரமாகக் கையைச் சூடாக்க ஆரம்பித்தார்கள், கையுறையில் பந்து விழுகிற சத்தம் சுவர் வழியாக என் முதுகில் வந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். சுத்தமாகப் பட்ட சத்தம். அதற்குப் பிறகு நாற்பதாயிரம் பேரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பந்து புல்பென் கூரையின்மேல் விழுந்து உருண்டதுதான் கேட்டது. முனைகளில் நின்ற மூன்று பேர், அடித்தவன், மொத்தம் நாலு ரன்.

கதவைத் திறந்து என்ன செய்திருப்பேன்? உட்கார்ந்தே இருந்தேன். ஆட்டம் போய்விட்டது.

உடை மாற்றும் அறையில் அந்த ரோஜாப்பூப் பையின்மேல் யாரோ கழிப்பறைக் காகிதச் சுருள் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் டூலி எனக்கு ஒரு இஞ்சி சோடாவை நீட்டி, அடுத்த தடவை முட்டைக்குப் பதிலா ரொட்டி தின்னு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எவாரிஸ்டோ தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு மூலையில் சோறும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடக்கையால் சாப்பிட்டான். பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டபோது, இன்னிக்கு என் பந்து சரியில்ல என்று மட்டும் சொன்னான்.

திங்கள்கிழமை ஆட்டமில்லை, ஆனாலும் நாள் கணக்கில் வரும். முப்பத்தொன்பது. மத்தியானம் எவாரிஸ்டோ என் ஓட்டல் வாசலில் காரை நிறுத்திக் கூப்பிட்டான். பின் இருக்கையில் அவனுடைய பெட்டிகள், காலணிகள், ஒரு அரிசி வேகவைக்கும் பானை. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பேச்சு நாலு நிமிஷத்தில் முடிந்ததாம்.

நான் டூலியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அது உன் இன்னிங்ஸ் இல்லை, என்னுடையது என்று சொல்கிறேன் என்றேன்.

"சொல்லி? எனக்கு வேல திரும்பி வருமா? உன்னுதும் போவும். என் பேரு எடுத்தாச்சு, காகிதம் போயாச்சு." காரை அணைக்கவே இல்லை அவன். "வாயத் திறந்து கெடுத்துராத. நாப்பத்தி மூணு முடி. முடிச்சிட்டு ஊருக்கு வா, ஒரு ஆடு அடிச்சு சமைக்கலாம். காசு நீ போடு."

போய்விட்டான். நான் அறைக்குப் போய் முழங்கையை ஐஸ் வாளிக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப வீச்சாளன் இரண்டாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கி வெளியேறிவிட்டான். புல்பென்னில் என்னைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். எனக்கு வயிறு இன்னும் சரியாகவில்லை என்று ஹால்வர்சன் அவராகவே சொல்லிவிட்டார். நாற்பது. புதன்கிழமை மதிய ஆட்டம். தொலைபேசி எனக்காக அடிக்கவில்லை. நாற்பத்தொன்று. ஆட்டம் முடிந்து குளிக்கப் போனபோது டூலி அறைக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"லோவெல். உள்ள வந்து உக்காரு."

உட்காரச் சொன்னாலே தெரிந்துவிடும். எல்லாருடைய கையும் செத்துக் கிடக்கிறது, நாளைக்கு நாலு இன்னிங்ஸ் எறிய ஒரு புது ஆள் வேண்டும், கீழே ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு இடம் வேண்டும் என்றார். கடைசியாக வந்தவன் நீ என்றார். நான் இரண்டு நாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றேன். நாற்பத்தொன்று என்று எண்ணைச் சொன்னேன். அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"காலையிலயே சொல்லிருந்தா மேல பேசியிருப்பேன்யா. இப்ப பையன் ஃபிளைட்ல இருக்கான்."

வெளியே வந்தபோது அணியின் மருத்துவ உதவியாளர் கோஸ் ஒரு தாளோடு நின்றார். போகிறவர்களிடம் எல்லாம் கேட்கிற தாள். எங்காவது வலி உண்டா, உண்டு, இல்லை, கையெழுத்து.

"எங்கயாச்சும் வலிக்குதா லோவெல்?"

அந்த இடத்தில் ஒரே ஒரு சொல் போதும். வலிக்குது. அனுப்ப முடியாது. படம் எடுப்பார்கள், கிழிந்திருப்பது தெரியும், காயப் பட்டியல், நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. எனக்குத் தெரியும். நின்றேன். என் மண்டைக்குள் வேறு ஒரு கணக்கு ஓடியது. என்னைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் மற்ற அணிக்காரர்கள் என்னை எடுக்கலாமா என்று சில நாள் பார்ப்பார்கள். யாராவது எடுத்துக்கொண்டால் அங்கே இரண்டு நாள் கிடைக்கும், அடுத்த வருஷமும் கிடைக்கும். வலி என்று எழுதினால் அந்த வாசல் மூடிவிடும். அதோடு, எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது வெளியே வரும். தொலைபேசியில் பொய் சொன்ன ஹால்வர்சனுக்கும் வேலை போகும்.

இதெல்லாம் அப்புறம் யோசித்துச் சேர்த்ததோ என்னவோ. வாய் அதற்குள் சொல்லிவிட்டது.

"நல்லா இருக்கு."

இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டு இடக்கையால் கையெழுத்துப் போட்டேன். கோஸ் அதைக் கவனிக்கவில்லை.

எந்த அணியும் எடுக்கவில்லை. கீழ்மட்ட அணிக்குப் போனேன். முதல் ஆட்டம், மூன்றாவது பந்து. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். கேட்சருக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து ஓடி வந்தான். கீழே பட்ட காயம் கீழேயே எழுதப்படும். அதில் நாள் ஓடாது.

வீரர்கள் சங்கத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். மேலே இருக்கும்போதே கை போய்விட்டது என்றால் எதிர்த்துக் கேட்கலாம் என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் தாளை வரவழைத்துப் பார்த்தார். அடுத்த தடவை பேசியபோது குரல் இறங்கியிருந்தது. இது உங்க கையெழுத்துதான என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பரில் டூலிக்குப் போன் செய்தேன். அந்த மாதம் பட்டியலில் இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இரண்டு நாள் மட்டும் பேரைப் போட்டால் போதும், வருவதற்கு என் செலவு, கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பையைக்கூடச் சுமக்கிறேன் என்றேன். இப்படி இரக்கப்பட்டு முடித்துக் கொடுத்த அணிகள் உண்டு. அவர் மேலே கேட்டுப் பார்த்தார் என்றுதான் நம்புகிறேன். எறிய முடியாதவனுக்கு இடமில்லை என்று பதில் வந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, போனில்தான் பேசினோம், அது நல்லதாகப் போயிற்று.

மார்லா காலையில் எண் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அறுவை முடிந்த கை முக்கால்தான் மடங்குகிறது. கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறேன். அப்பா கொக்கியில் மாட்டிய கோழிகளின் பேரப்பிள்ளைகளுக்கு நான் தீனி கொண்டுபோகிறேன்.

ஜனவரியில் எவாரிஸ்டோ கூப்பிட்டான். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம், யாரோ விலை கூவுகிற சத்தம். மச்சானுடைய வெங்காய லாரி ஓட்டுகிறானாம். மெக்சிகோவில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தோளைப் பார்த்ததும் அனுப்பிவிட்டார்களாம். நானும் லாரிதான் என்றேன். ரெண்டு பேருக்கும் பேருந்து மட்டும் மாறிப் போச்சு என்று சிரித்தான். அப்புறம் கேட்டான்.

"நாப்பத்தி மூணு முடிஞ்சிதுல்ல?"

எனக்குப் பொய் வரவில்லை. "நாப்பத்தொண்ணு" என்றேன்.

மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்."

தாளைப் பற்றிச் சொன்னேன், மூன்றாவது பந்தைப் பற்றிச் சொன்னேன். கோபமே இல்லாமல், வழி சொல்கிற குரலில் அவன் சொன்னான்.

"அன்னிக்கி உன்ன நான் போக விட்டிருக்கணும் கிழவா. நீ மேட்டுல நின்னு மூணு பந்து எறிஞ்சிருப்ப, கை அங்கயே போயிருக்கும். நாப்பதாயிரம் பேரு பாத்திருப்பான். உன்னக் காயப் பட்டியல்லதான் போட்டிருக்கணும், வேற வழியில்ல. உனக்கு நாளு கெடச்சிருக்கும். எனக்கு வேல இருந்திருக்கும்."

நாடா கட்டும்போது நான் தடுத்திருக்கணும் என்றேன். அதெல்லாம் விடு என்றான். மண்டியில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான்.

இப்போதும் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இருக்கும். ஆகஸ்ட் எட்டு, ஏழாவது இன்னிங்ஸ், பெகேரோ, நாலு ரன், தோல்வி அவன் கணக்கில். அது என் இன்னிங்ஸ். என் கை இனி முழுசாக மடங்காது, அவன் தோள் இனி சுழலாது, அதைத் திருப்பித் தர ஒரு மைதானமும் எனக்கு இல்லை. எவாரிஸ்டோ பெகேரோவுக்கு நான் ஒரு இன்னிங்ஸ் கடன்பட்டவன்.